மருத்துவ ஆய்வு நடத்தக் கற்பது எப்படி? வாசகர் கேள்விகள்

கிளினிக்கல் ட்ரையல் எனப்படும் மருத்துவ ஆய்வுகளில் வேலை செய்கிறவர்களும் இனி சேரப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் மருந்து விதிகளை நாடுகளிடையே ஒருமைப்படுத்தும் ஐ.சி.எச். அமைப்பின், ‘நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை’ எனப்படும் ஜி.சி.பி. வழிகாட்டி உலகமெங்கும் அடித்தளமாகக் கொள்ளப்படுகிறது. அதன் மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் இறுதியானது. பதில்கள் அதை ஒட்டியே அமைந்தவை.

கேள்வி: மருந்தியல் பட்டம் முடித்து, இணையத்தில் ஜி.சி.பி. சான்றிதழும் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகச் சேர்கிறேன். ஆய்வின் செயல்திட்ட ஆவணமான புரோட்டோகாலை இரண்டு முறை படித்தும், பங்கேற்பாளர் எதிரே வந்து உட்கார்ந்தால் என்ன செய்வதென்று பிடிபடவில்லை.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தால் பிடிபடாதுதான். நேராக ‘ஷெட்யூல்’ அட்டவணையைத் திறங்கள். எந்த வருகையில் எந்தச் சோதனை என்று கட்டம் கட்டமாகக் குறித்திருப்பார்கள். கட்டங்களை விட அடியில் இருக்கும் பொடி எழுத்துக் குறிப்புகள் முக்கியம். ‘மருந்து கொடுப்பதற்கு முன்’, ‘இரவு முழுவதும் வெறும் வயிற்றில் இருந்த பின்’, ‘கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கு மட்டும்’ போன்ற நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் தவறவிடுவதில் பெரும்பகுதி இந்த அடிக்குறிப்புகள்தான்.

பிறகு ஒரே ஒரு வருகையை எடுத்துக்கொண்டு, அன்று செய்யவேண்டியதைச் செய்யும் வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். புரோட்டோகால் வேறு வரிசை சொல்லாத இடங்களில் நாங்கள் பரிந்துரைப்பது இது. பங்கேற்பாளரே நிரப்பும் வினாத்தாள் முதலில். மருத்துவர் பேசி, ரிசல்ட் தெரிந்த பின் நிரப்பினால் பதில்கள் அந்தப் பேச்சின் பக்கம் சாய்ந்துவிடும். அடுத்து ஐந்து நிமிட ஓய்வு, ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம். ரத்தம் எடுக்கும் ஊசி கடைசியில். ஊசி குத்திய பின் நாடித் துடிப்பும் அழுத்தமும் மாறலாம், அப்போது எடுத்த ஈ.சி.ஜி.யை நம்ப முடியாது.

தாள் தயாரானதும் சக ஊழியர் ஒருவரைப் பங்கேற்பாளராக உட்கார வைத்து, கையில் கடிகாரத்துடன் முழு வருகையையும் ஒத்திகை பாருங்கள். நடந்தும் பாருங்கள், அறையிலிருந்து லேபுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று. படிப்பில் தெரியாதவை இங்கே வெளிவரும்: லேபில் ரத்த மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் காலையில் வேறொருவர் கையில், ரத்தம் எடுக்கும் குழாய் கிட்டின் காலாவதித் தேதி போன மாதமே முடிந்துவிட்டது, ஈ.சி.ஜி. இயந்திரத்தின் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தை விட ஏழு நிமிடம் முந்துகிறது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். மருந்து கொடுத்த நேரம் ஒரு கடிகாரத்திலும் அதற்கு முன் எடுத்த ஈ.சி.ஜி. இன்னொரு கடிகாரத்திலும் பதிவானால், காகிதத்தில் ஈ.சி.ஜி. மருந்துக்குப் பின் எடுத்ததாகிவிடும். எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றுபடுத்திவிட்டு ஆய்வைத் தொடங்குங்கள்.

தகுதி நிபந்தனைகளுக்கும் தனித் தாள் போடுங்கள். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே ‘ஆம், இல்லை’ மட்டும் போதாது. ‘ஆதாரம் எங்கே இருக்கிறது’ என்று மூன்றாவது கட்டம் வேண்டும். ‘கடந்த ஆறு மாதத்தில் மாரடைப்பு இல்லை’ என்பதற்கும் ஆதாரம் தேவை. மருத்துவர் அதைக் கேட்டு, இல்லை என்று பதில் வந்ததாக எழுதிய குறிப்பே அந்த ஆதாரம். எல்லா ரிசல்ட்டும் வந்து, ஆய்வாளர் தகுதியை உறுதிசெய்து கையெழுத்திடும் வரை, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கலில் ஒதுக்கும் ரேண்டமைசேஷன் பொத்தானைத் தொடாதீர்கள். தகுதியில்லாதவரைச் சேர்த்துவிட்டால் அந்தத் தவறைத் திரும்பப் பெற வழி கிடையாது. பகுப்பாய்விலும் அவர் இருப்பார்.

ஒன்று மறக்க வேண்டாம். யார் எந்த வேலையைச் செய்யலாம் என்று பதியும் டெலிகேஷன் லாகில் உங்கள் பெயர், செய்யக்கூடிய வேலைகள், தொடக்கத் தேதி, முதன்மை ஆய்வாளரின் கையெழுத்து நான்கும் ஏறும் முன் எந்த ஆய்வு வேலையையும் செய்யாதீர்கள். அந்த வேலைக்கான பயிற்சிப் பதிவும் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து காலை 10 மணிக்கு, ரத்தம் எடுத்தது 10.15க்கு. இருந்தும், ஆய்வுப் பதிவுகளைச் சரிபார்க்க வரும் மானிட்டர் அதை விதிமீறல் என்று எழுதிவிட்டார். முந்தின நாள் தொலைபேசியில் ‘சர்க்கரை மாத்திரை போடாமல், வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்று சொன்னதுதான் காரணமாம். இது நியாயமா? (செவிலியர்)

நியாயம்தான். ஆய்வுக்காக மட்டும் ஒருவரை மருந்தை நிறுத்தச் சொல்வதே ஆய்வுச் செயல். அதற்கு முன் ஒப்புதல் வேண்டும். சர்க்கரை மாத்திரையை ஒரு வேளை தவறவிட்டதால் அவருக்கு எதுவும் ஆகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எதற்காக அதைத் தவறவிடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது என்பதுதான் குறை. வழக்கமான சிகிச்சைக்காகவே மருத்துவர் அன்று வெறும் வயிற்றுப் பரிசோதனை கேட்டிருந்தால் பிரச்சினை இல்லை. அந்தக் காரணம் அவருடைய மருத்துவக் குறிப்பில் இருக்க வேண்டும். இனி முதல் வருகையில் பேசி ஒப்புதல் மட்டும் வாங்குங்கள், பட்டினிப் பரிசோதனைக்கு இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

இப்போது நடந்ததை நடந்தபடியே விதிமீறல் பதிவேட்டில் எழுதுங்கள், நெறிமுறைக் குழு கேட்கும் முறைப்படி தெரிவியுங்கள். ஒப்புதலுக்கு முந்தைய நாளின் தேதியை எழுதும் எண்ணம் தலைகாட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தாமதம் ஒரு குறைபாடு. முந்தைய தேதி போடுவது மோசடி.

ஒப்புதலைப் பற்றிக் கேட்டதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஆய்வில் வேறெதையும் விட இதில் கை தேற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

படிவத்தை எடுத்ததும் அதன் பதிப்பு எண்ணையும் தேதியையும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தோடு ஒப்பிடுங்கள். புதுப் பதிப்பு வந்த அன்றே பழைய வெற்றுப் படிவங்களை இழுப்பறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய படிவத்தில் கையெழுத்து வாங்கிய கதைகள் பெரும்பாலும் அந்த இழுப்பறையில்தான் தொடங்குகின்றன. வாசித்துக்காட்டி ‘புரிந்ததா’ என்று கேட்டால் எல்லாரும் ‘ம்’ என்பார்கள். அதனால் பயன் இல்லை. அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்: ‘இதில் சேர்ந்தால் உங்களுக்கு எந்த மருந்து கிடைக்கும்?’ ‘புது மருந்து’ என்று உடனே பதில் வந்தால், குலுக்கல் முறையில் ஒதுக்குவதும் வெற்று மாத்திரை கிடைக்கும் வாய்ப்பும் அவருக்குப் புரியவில்லை. ‘நடுவில் வேண்டாம் என்றால் உங்கள் வழக்கமான சிகிச்சை என்ன ஆகும்?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘டாக்டர் கோபித்துக்கொள்வார்’ என்பது போன்ற பதில் வந்தால், கையெழுத்து வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை.

கையெழுத்தும் தேதியும் அவரே எழுத வேண்டும். உதவி செய்வதாக நினைத்துத் தேதியை நீங்கள் எழுதாதீர்கள். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வுக் குழுவைச் சேராத நடுநிலைச் சாட்சி ஒருவர் பேச்சு முழுவதும் உடனிருக்க வேண்டும். கடைசியில் கூப்பிட்டு ஒப்பமிட வைத்தால் அது சாட்சியம் ஆகாது. முடிந்ததும் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்து, மருத்துவக் குறிப்பில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் பேச்சு தொடங்கியது, யார் இருந்தார்கள், அவர் என்ன கேட்டார், என்ன பதில் சொன்னோம், எந்தப் பதிப்பு, பிரதி கொடுத்தது, எந்த ஆய்வுச் செயலும் அதற்கு முன் நடக்கவில்லை என்பது.

கேள்வி: வேலை நெருக்கடியில் அளவுகளைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, மாலையில் அழகாக ஆய்வுத் தாளில் எழுதிவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுகிறேன். சரிதானே?

கிழிக்காதீர்கள். முதலில் எழுதியது எங்கேயோ அதுதான் மூல ஆவணம். துண்டுச் சீட்டில் எழுதினால் அந்தச் சீட்டையே தேதி, நேரம், கையொப்பத்துடன் கோப்பில் வைக்க வேண்டும். அதைவிட, ஆய்வுத் தாளையே கிளிப் பலகையில் பொருத்திக் கையோடு எடுத்துப் போங்கள். எழுத்து அழகாக இல்லாவிட்டால் குற்றமில்லை. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியவேண்டும், படிக்க முடியவேண்டும், நடந்த நேரத்திலேயே எழுதியிருக்கவேண்டும்.

தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு, பழைய எழுத்து தெரியும்படி. பக்கத்தில் சரியானது, சுருக்கொப்பம், இன்றைய தேதி, தேவையானால் காரணம். வெள்ளை மை, மேலே தடித்து எழுதுவது, பென்சில் மூன்றும் ஆய்வறைக்குள் வரவே கூடாது. எடை போன முறை 72 கிலோ, இந்த முறை 27 என்று கணினி கொயரி, அதாவது விளக்கக் கேள்வி, எழுப்பினால், ‘இலக்கம் மாறியிருக்கும்’ என்று ஊகித்து 72 என்று திருத்தாதீர்கள். மூல ஆவணத்தைப் பாருங்கள். அதில் 72 இருந்தால் கணினிப் பதிவை மட்டும் திருத்தலாம். மூலத்திலேயே 27 என்றால் எடை பார்த்தவர் மட்டுமே விளக்க முடியும். அவருக்கும் நினைவில்லையென்றால், உறுதிசெய்ய இயலாத அளவு என்று அப்படியே பதில் எழுதுங்கள்.

கேள்வி: வருகைத் தேதி கணக்கில் அடிக்கடி தப்பு வருகிறது. எளிய வழி உண்டா?

முதல் டோஸ் கொடுத்த நாளைப் பெரும்பாலான புரோட்டோகால்கள் நாள் 1 என்கின்றன, 0 என்று அல்ல. அதனால் நாள் 29 என்பது 28 நாள் கழித்து. முதல் டோஸ் மார்ச் 3 என்றால் நாள் 29 மார்ச் 31. மூன்று நாள் முன்பின் அனுமதி இருந்தால் மார்ச் 28 முதல் ஏப்ரல் 3 வரை வரலாம். அடுத்த வருகையையும் மார்ச் 3-லிருந்தே எண்ணுங்கள். அவர் ஏப்ரல் 3 அன்று வந்தார் என்று அதிலிருந்து எண்ணத் தொடங்கினால் அடுத்த வருகையும் மூன்று நாள் தள்ளிப்போகும், அதன்மேல் ஒரு நாள் தாமதித்தாலும் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். ரேண்டமைசேஷன் அன்றே எல்லா வருகைகளின் முதல் நாள், சரியான நாள், கடைசி நாள் மூன்றையும் கணக்கிட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். சந்திப்பை எல்லையின் முதல் பாதியில் வையுங்கள். வரமுடியாமல் போனால் மாற்ற இடம் இருக்கும்.

கேள்வி: லேப் கையேட்டில் ‘1500 ஜி’ என்று இருக்கிறது. எங்கள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்சி எண்தான் தெரிகிறது. 3000 வைத்து ஓட்டுகிறேன். மாதிரிகள் அடிக்கடி நிராகரிக்கப்படுகின்றன. (லேப் டெக்னீஷியன்)

‘ஜி’ என்பது சுழலும்போது குழாய்மேல் விழும் விசை, புவியீர்ப்பின் மடங்கில். 3000 சரியா தவறா என்பது உங்கள் இயந்திரத்தின் ஆரத்தைப் பொறுத்தது. நடு அச்சிலிருந்து, குழாய் சுழலும் நிலையில் அதன் அடிமுனை வரை சென்டிமீட்டரில் அளங்கள். நிமிடச் சுழற்சியின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி, அதை 0.00001118 ஆல் பெருக்கினால் ‘ஜி’ கிடைக்கும். ஆரம் 15 செ.மீ. என்றால் 3000 சுழற்சியில் சுமார் 1509 ஜி, சரியாக இருக்கிறது. ஆரம் 10 செ.மீ. என்றால் அதே 3000-க்கு 1006 ஜிதான் வரும். 1500 வேண்டுமானால் சுமார் 3660 வைக்க வேண்டும். கணக்கை ஒரு முறை போட்டு, விடையை இயந்திரத்தின் மூடியில் ஒட்டிவிடுங்கள்.

நிராகரிப்புக்குச் சுழற்சி மட்டும் காரணமாக இருக்காது. சீரம், அதாவது உறைந்த பின் பிரியும் ரத்த நீர்மம், எடுக்கும் குழாய் சுழற்றும் முன் செங்குத்தாக 30 நிமிடமாவது உறைய வேண்டும். அவசரப்பட்டால் ஃபைப்ரின் என்ற உறைபுரத இழைகள் சீரத்தில் மிதந்து கருவியின் ஊசியை அடைக்கும். அதற்காக மணிக்கணக்கில் விட்டாலும் ஆகாது. அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், பொட்டாசியம் வெளியே கசியும். பிரிக்காத ரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் பொட்டாசியம் இன்னும் கூடும். குளிரில் அணுச்சுவரின் சோடியம்-பொட்டாசியம் பம்ப் மெதுவாகிவிடுவதே காரணம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உப்புள்ள குழாயை, ரத்தம் எடுத்த உடனே 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் சிவப்பணு உடையும். ஈ.டி.டி.ஏ. குழாயை சீரம் குழாய்க்கு முன் நிரப்பாதீர்கள். அதிலுள்ள பொட்டாசியம் உப்பு ஒரு துளி அடுத்த குழாய்க்குள் போனாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். அந்த ரிசல்ட்டை நம்பி ஒருவரை ஆய்விலிருந்து ஒதுக்கிவிடக் கூடும்.

உலர் பனிக்கட்டியில் அனுப்பும்போது பெட்டியைக் காற்றுப் புகாதபடி டேப் சுற்றாதீர்கள். அது கார்பன் டை ஆக்சைடு வாயுவாக மாறும். வெளியேற வழியில்லையென்றால் பெட்டி வெடிக்கும்.

கேள்வி: திங்கள் காலை வந்து பார்த்தால், ஆய்வு மருந்து வைத்த குளிர்ப்பெட்டி இரவில் 11 டிகிரி வரை போயிருக்கிறது. என்ன செய்வது?

அந்த மருந்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் உள்ள வேறொரு பெட்டிக்கு மாற்றி, ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்று சீட்டு ஒட்டி, நல்ல மருந்திலிருந்து பிரித்து வையுங்கள். வெப்பத்தைத் தொடர்ந்து பதியும் டேட்டா லாகரிலிருந்து வரைபடத்தை இறக்கி மூன்று விவரங்களை எடுங்கள்: அதிகபட்ச வெப்பம், 8-க்கு மேல் மொத்தம் எத்தனை நிமிடம், எந்தெந்த பேட்ச் எண்கள் உள்ளே இருந்தன. ஆய்வுக்குப் பொறுப்பேற்று நடத்தும் ஸ்பான்சருக்கு உடனே எழுதுங்கள். மருந்தின் நிலைப்புத்தன்மைத் தரவு அவர்களிடம்தான் இருக்கிறது. எழுத்துபூர்வமான பதில் வரும் வரை காத்திருங்கள். அதற்குள் யாருக்காவது வருகை இருந்தால் அதையும் கடிதத்திலேயே சொல்லுங்கள்.

வெப்பம் ஏறியதற்குப் பதறுகிறவர்கள் உறைந்ததைக் கண்டுகொள்வதில்லை. உறைந்து உருகிய இன்சுலினையும், அலுமினியம் சேர்த்த தடுப்பூசியையும் பயன்படுத்தக் கூடாது. ஆகவே குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் தினமும் படித்து எழுதி, பிறகு மீட்டரை ரீசெட் செய்யுங்கள். ‘இப்போது 5 டிகிரி’ என்ற ஒற்றை அளவு இரவில் நடந்ததைச் சொல்லாது. விடுமுறை நாளில் அலாரம் அடித்தால் யார் கைபேசிக்கு அழைப்பு போகும், அவர் வந்து சேர முடியுமா என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: திரும்பி வரும் மாத்திரைகளை எண்ணி, பங்கேற்பாளர் எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று கணக்கிடுவது எப்படி?

70 கொடுத்தீர்கள், 18 திரும்பி வந்தது, 52 சாப்பிட்டிருக்கிறார். நாளுக்கு இரண்டு வீதம் 28 நாளுக்கு 56. ஆக 52-ஐ 56 ஆல் வகுத்தால் 92.9 சதவீதம். நாள் கணக்கில் முதல் நாளும் வருகை நாளும் முழு டோஸா, பாதி டோஸா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசம் வந்தால் எண்ணை வளைக்காமல், காரணத்தை அவரிடமே கேட்டு எழுதுங்கள். காலி அட்டையையும் கொண்டுவரச் சொல்லவேண்டும்.

கேள்வி: கடுமையான தலைவலி வந்தது என்று ‘சீரியஸ்’ பட்டியலில் சேர்த்தேன், வேண்டாம் என்றார்கள். லேசான வயிற்றுப்போக்கை ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். குழப்பமாக இருக்கிறது.

கடுமை ஓர் அளவுகோல், சீரியஸ் என்பது வேறு அளவுகோல். ஒருவர் எவ்வளவு வேதனைப்பட்டார் என்பது கடுமை. சீரியஸ் என்பது விளைவைப் பொறுத்தது: மரணம், உயிருக்கு உடனடி ஆபத்து, மருத்துவமனையில் சேர்ப்பு அல்லது அங்கே தங்குவது நீடித்தல், நிலையான அல்லது குறிப்பிடத்தக்க ஊனம், பிறவிக் குறைபாடு. இவை இல்லாவிட்டாலும் மருத்துவரின் கணிப்பில் இவற்றைத் தடுக்கவே தலையிட வேண்டியிருந்த முக்கிய நிகழ்வும் இதில் சேரும். வீட்டில் மாத்திரை போட்டுப் படுத்துத் தீர்ந்த கடும் தலைவலி சீரியஸ் இல்லை. லேசான வயிற்றுப்போக்குக்காக ஓர் இரவு வார்டில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் அது சீரியஸ்.

சீரியஸ் நிகழ்வை ஸ்பான்சருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பெரும்பாலான புரோட்டோகால்களில் 24 மணி நேரக் கெடு, ஆய்வுக் குழுவில் யாருக்கு முதலில் தெரிந்ததோ அந்த நேரத்திலிருந்து. வரவேற்பறையில் தொலைபேசி எடுத்த குழு உறுப்பினர் வெள்ளி மாலை கேட்டிருந்தால் கெடு அப்போதே ஓடத் தொடங்கிவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரிக்காகக் காத்திருக்காதீர்கள். பங்கேற்பாளர் எண், தெரிவிப்பவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நிகழ்வு, இந்த நான்கும் இருந்தால் முதல் அறிக்கை அனுப்பலாம். மற்றவை பின்தொடர் அறிக்கையில். எதிர்பாராததும் மருந்தால் வந்திருக்கக் கூடியதுமான நிகழ்வு உயிரைப் பறித்தாலோ உயிருக்கு ஆபத்தானாலோ, ஸ்பான்சர் 7 நாளுக்குள் அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். அவ்வகையான மற்ற சீரியஸ் நிகழ்வுகளுக்கு 15 நாள். நீங்கள் ஒரு நாள் தாமதித்தால் அதிகாரிகளுக்குத் தகவல் போவதும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

கேட்கும் முறையும் கற்க வேண்டியதே. ‘வாந்தி வந்ததா, தலை சுற்றியதா’ என்று பட்டியல் போட்டுக் கேட்காதீர்கள். ‘போன முறை பார்த்த பிறகு உடம்பில் என்ன மாற்றம்?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பிறகு புதிதாக என்ன மருந்து சாப்பிட்டார் என்று பாருங்கள். பாராசிட்டமால் என்றால் எதற்காக என்று கேளுங்கள். மறந்துபோன காய்ச்சல் அங்கேதான் வெளிப்படும்.

கேள்வி: ஸ்பான்சர் இல்லாமல் நானே ஒரு சிறிய ஆய்வு நடத்தப் போகிறேன். எங்கே தடுக்கி விழுவேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். (முதுநிலை மருத்துவ மாணவர்)

ஆள் சேர்ப்பதில். ஆய்வு தொடங்கியதும் தகுதியான நோயாளிகள் மாயமாகிவிடுவதை ‘லசானா விதி’ என்றே சொல்வார்கள், மருந்தியல் அறிஞர் லூயிஸ் லசானாவின் பெயரால். கணக்கை இப்படிப் போடுங்கள். மாதம் 40 பேர் அந்த நோயோடு வருகிறார்கள். வயதும் நோயின் தீவிரமும் பொருந்துவது 20 பேருக்கு. மற்ற மருந்து, சிறுநீரகக் கோளாறு என்று 8 பேர் கழிவார்கள். மீதி 12-ல் பாதிப் பேர் சம்மதிப்பார்கள். ஆறில் ஒருவர் நடுவில் நின்றுவிடுவார். மாதம் ஐந்து பேர். 60 பேர் வேண்டுமென்றால் ஒரு வருடம். இரண்டு மாதத்தில் முடியும் என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்லியிருந்தால் இன்றே போய்த் திருத்திக்கொள்ளுங்கள். இந்த எண்கள் எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் துறையின் பழைய பதிவேட்டில் இரண்டு வார நோயாளிகளை எடுத்து நிபந்தனைகளை ஓட்டிப் பார்த்தால் உங்கள் சொந்த எண் கிடைக்கும்.

முதல் நபரைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிவுசெய்யுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.ஈ.யின் விதியைப் பின்பற்றும் இதழ்கள் 2005 முதல் இதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. பிறகு பதிவுசெய்தால் கட்டுரை திரும்பி வரும்.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மூடிய உறையில் வைக்கும் முறையில் ரேண்டமைஸ் செய்தால், பட்டியலைத் தயாரிப்பவர் ஆள் சேர்ப்பவராக இருக்கக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத, வரிசை எண்ணிட்ட உறை வேண்டும். பிரிக்கும் முன் பங்கேற்பாளர் எண்ணையும் தேதியையும் மேலே எழுதுங்கள். ஒவ்வொரு சிகிச்சையும் சம எண்ணிக்கையில் வரும்படி பிரித்த தொகுதிகளான பிளாக்குகள் எல்லாம் நான்கு நான்காக இருந்தால், மூன்று தெரிந்ததும் நான்காவதை ஊகித்துவிடலாம். நான்கும் ஆறுமாகக் கலந்து போடுங்கள், அளவை யாருக்கும் சொல்லாதீர்கள்.

தரவுத் தாளில், ‘சோதனை செய்யவில்லை’ என்பதற்கும் ‘செய்தோம், ரிசல்ட் தொலைந்தது’ என்பதற்கும் தனித்தனிக் குறியீடு கொடுங்கள். காலி விட்டால் ஆறு மாதம் கழித்து எது எதுவென்று தெரியாது. 03/04 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்ற சண்டை வரும், மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். அலகை ஒவ்வொரு கட்டத்தின் தலைப்பிலும் போடுங்கள். மூன்று கற்பனை நோயாளிகளை முழுதாக நிரப்பி, ஆய்வு தொடங்கும் முன்பே புள்ளியியலாளரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் முதல் ஐந்து கேள்விகளில் தாள் பாதி மாறிவிடும்.

கேள்வி: எக்செல் போதாதா?

ஆள் சேர்ப்புப் பட்டியலுக்குப் போதும். ஆய்வுத் தரவுக்குப் போதாது. யார், எப்போது, எதை, எதிலிருந்து எதுவாக மாற்றினார்கள் என்ற தடம் சாதாரண எக்செல் கோப்பில் முறையாக நிற்பதில்லை. ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்தினால் ஒருவரின் ரிசல்ட் இன்னொருவர் பெயருக்குப் போய்விடும், கண்டுபிடிக்கவே முடியாது. ஆடிட் டிரெயில் உள்ள தரவு மென்பொருளைக் கல்லூரியிலோ மருத்துவமனையிலோ கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பங்கேற்பாளரின் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து மானிட்டருக்கு அனுப்பலாமா? அவசரம் என்கிறார்.

அனுப்பாதீர்கள். படம் உங்கள் சொந்தக் கைபேசியிலும் அதன் காப்புப் பிரதியிலும் தங்கிவிடும். ஆய்வுக்கென ஏற்பாடு செய்த பாதுகாப்பான வழியில் மட்டும் அனுப்புங்கள். அதற்கு முன் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண், முகவரி, மருத்துவரின் குறிப்பில் நடுவே வரும் பெயர் எல்லாவற்றையும் மறைத்து, பங்கேற்பாளர் எண்ணை எழுதுங்கள். கறுப்பு மையால் அடித்த தாளை அப்படியே ஸ்கேன் செய்யாதீர்கள், எழுத்து அடியில் தெரியும். நகலெடுத்து, நகலில் அடித்து, அதையும் மறுபடி நகலெடுத்து, அந்த இரண்டாம் நகலை ஸ்கேன் செய்யுங்கள்.